அம்மான்ர கணக்கில அந்தப் படம் எப்பிடி முடிஞ்சது: ஒரு நிகழ்வு ஆய்வு

எனக்கும் அம்மாவுக்கும் இடையில படங்களைப் பற்றி வந்த குழப்பங்களை 2017ல இருந்து நான் போனில குறிச்சு வைக்கிறன். முதல்ல தம்பிக்கு அனுப்பிச் சிரிக்கிறதுக்காகத்தான் குறிச்சது. கனக்கச் சேர்ந்த பிறகு ஒருநாள் எல்லாத்தையும் ஒண்டா வாசிச்சுப் பாத்தன், ஞாபகத்தில இருந்த பழசுகளையும் சேர்த்து எழுதினன், பாத்தா எல்லாம் ஒரே இடத்தில போய் முட்டுது. அந்த இடம் என்னெண்டு கண்டுபிடிக்க எனக்குக் கன வருசம் எடுத்தது, அதால எல்லாத்தையும் நடந்த மாதிரியே எழுதுறன்.

ஆக்கள்

அம்மா யாழ்ப்பாணம், வலிகாமம் பக்கம். அப்பா 1993ல ஏஜென்சிக்காரனோட வெளிக்கிட்டு கனடா வந்து சேர்ந்தவர். அம்மாவும் நானும் 1998ல ஸ்பொன்சரில வந்தனாங்கள், எனக்கு அப்ப 7 வயசு. தம்பி அடுத்த வருசம் இங்க ஸ்காபரோவில பிறந்தவன். அம்மா 20 வருசத்துக்கு மேல ஒரு பக்கிங் கொம்பனியில நிண்டு வேலை செய்தவா. பாங்க், டொக்டர், தம்பியின்ர பள்ளிக்கூட மீட்டிங் எல்லாத்துக்கும் தனியப் போய்க் கதைச்சுப்போட்டு வாற ஆள், ஒருக்கா வரி பைல் பண்ணித் தாற ஆளிட்டயே பிழை பிடிச்சவா.

இதை ஏன் முதலே சொல்லுறன் எண்டால், நான் இந்தக் கதையளைச் சொல்லேக்க கேக்கிற ஆக்கள் எல்லாரும் "பாவம், அம்மாவுக்கு இங்கிலீசு விளங்காதாக்கும்" எண்டு முடிச்சுப்போடுவினம். எனக்கு அதைக் கேட்டா கோபம் வரும். அம்மாவுக்கு இங்கிலீசு விளங்கும். கீழ வாற எந்தக் குழப்பமும் இங்கிலீசு விளங்காமல் வந்த குழப்பம் இல்லை.

கெட் அவுட்

2017 மாசி மாசம் கடைசி. நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிக்கிறன், அம்மா குசினிக்க இருந்து கேக்கிறா.

"எங்க வெளிக்கிட்டாச்சு?"

"படத்துக்கு அம்மா."

"என்ன படம்?"

"கெட் அவுட்."

குசினியில தண்ணி ஓடுற சத்தம் நிண்டது. பேந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்கு நேரம் போகுதெண்டு நான் கதவைச் சாத்திப்போட்டுப் போயிட்டன். இரவு வந்து பாத்தா சாப்பாடு மூடி வச்சிருக்கு, அம்மா படுத்திட்டா. அடுத்த நாளும் கதைக்கேல்ல. மூண்டாம் நாள் அப்பா என்னைத் தனியக் கூப்பிட்டு, "பிள்ளை, அம்மா என்ன கேட்டாலும் நீ உப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" எண்டு சரியான கவலையோட சொன்னார். நான் என்ன சொன்னனான் எண்டு எனக்கே தெரியேல்ல. "என்ன படம் எண்டு கேட்டதுக்கு வெளிய போ எண்டு சொன்னியாம்."

நான் போனில போஸ்டரை எடுத்துக் காட்டினன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாப் பாத்தா, பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இப்பிடியுமோ ஒரு படத்துக்குப் பேர் வைப்பாங்கள்?"

இதை அம்மா பிழையாக் கேட்டா எண்டு சொல்லவே ஏலாது. சொல்லையும் சரியாத்தான் கேட்டவா, அர்த்தத்தையும் சரியாத்தான் எடுத்தவா. யோசிச்சுப் பாருங்கோ, எங்கட ஆக்களுக்கு 'கெட் அவுட்' எண்ட சொல்லு எங்க இருந்து வந்தது? ஒண்டு பள்ளிக்கூடத்தில வாத்தியார் வகுப்பை விட்டு வெளிய அனுப்பேக்க சொன்னது, மற்றது தமிழ்ப் படம். மாடிப்படியில நிண்டு, கோட்டுப் போட்ட பணக்காரத் தேப்பன், மகளைக் கலியாணம் கேட்டு வந்த ஏழைப் பொடியனைப் பாத்துக் கையை நீட்டிச் சொல்லுற சொல்லு அது. அம்மா அந்தச் சொல்லைப் படிச்சதே படத்தில தான். அதைத் தன்ர மகள், சப்பாத்துப் போட்டுக்கொண்டு, முகத்தையும் பாக்காமல் சொன்னா ஆருக்குத்தான் நோகாது.

அதே வருசம் புரட்டாதியில அடுத்தது. இந்த முறை நான் கவனமா, படத்துக்குப் போறன் எண்டு முதல் நாளே சொல்லி வச்சன்.

"என்ன படம்?"

"இட்."

"நேரம் இருக்கோ? இடியப்பம் அவிச்சிருக்கிறன், சாப்பிட்டிட்டே போ."

அம்மான்ர காதுக்கு அது 'ஈட்'. சரி, இந்த முறை பிரச்சினை வராமல் தமிழில விளங்கப்படுத்துவம் எண்டு "சாப்பாடு இல்லை அம்மா, படத்தின்ர பேர் 'அது'" எண்டு சொன்னன்.

"எது?"

"அது தான்."

"எது தானெண்டு தானே கேக்கிறன்."

"அம்மா, பேரே 'அது' தான்."

"சொல்ல விருப்பமில்லாட்டி விடு பிள்ளை."

அண்டைக்கு இடியப்பத்தையும் சாப்பிட்டு, சொதியையும் குடிச்சு, சமாதானப்படுத்திப்போட்டுத்தான் போனன். இதுக்கு ஒரு வாலும் இருக்கு. அடுத்த கோடைக்கு மொன்றியலுக்கு 401 ஹைவேயில போகேக்க போர்ட் ஹோப்பில தேத்தண்ணி குடிக்க இறங்கினனாங்கள். சின்ன ஊர், பழைய செங்கல் கடையள், ஒரு ஆறு. அம்மாவுக்குச் சரியாப் பிடிச்சுப்போச்சு, பென்சன் எடுத்த பிறகு இப்பிடி ஒரு இடத்தில இருக்கோணும் எண்டு அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு நடக்கிறா. நான் வாயை வச்சுக்கொண்டு இருக்கேலாமல் "அம்மா, 'அது' எடுத்தது இங்க தான்" எண்டன். உண்மையா அந்தப் படத்தில வாற ஊருக்காக கன காட்சியள் அங்க தான் எடுத்தவங்கள். அம்மா உடன நிண்டு அப்பாவைப் பாத்து, "என்னத்தை எடுத்தவையாம்? ஆர் தொலைச்சது?" எண்டா. விசயத்தைச் சொன்னன், பேய்ப் படம், பிள்ளையளைப் பிடிக்கிற கோமாளிப் பேய் எண்டு. அதோட போர்ட் ஹோப்பில வீடு வாங்கிற கதை நிண்டுபோச்சு. இண்டைக்கும் அந்த எக்சிற்றைத் தாண்டேக்க அம்மா ஒரு பக்கமாத் திரும்பி இருப்பா.

படம் எண்டால் என்ன

இந்தக் குழப்பங்களுக்கு இங்கிலீசைக் குற்றம் சொல்லேலாது எண்டதுக்கு என்னட்ட இருக்கிற நல்ல சாட்சி தம்பி. அவனுக்கு 6, 7 வயசு இருக்கும், அம்மா ஊரில கிணத்தடியில நாகபாம்பைக் கண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறா. "திரும்பிப் பாக்கிறன், பாம்பு படமெடுத்துக்கொண்டு நிக்குது." தம்பி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிப்போட்டுக் கேட்டான், "ஆரைப் படமெடுத்தது? உங்களையோ?"

முழுத் தமிழ்ச் சொல்லு, முழுத் தமிழ் வசனம். போட்டோவும் படம், சுவரில கீறினதும் படம், தியேட்டரில ஓடுறதும் படம், பாம்பு விரிக்கிறதும் படம். அவன் அதுவரைக்கும் போனும் கமராவும் தான் கண்டவன், பாம்பைக் கண்டதில்லை. ஒரே சொல்லை வச்சுக்கொண்டு ரெண்டு பேர் ரெண்டு வேற சாமானைப் பாத்துக்கொண்டிருக்கிறது, என்ர குறிப்புகளில திரும்பத் திரும்ப வாறது இதுதான்.

ஆற்ற படம்?

அம்மா ஒரு படத்தைப் பற்றிக் கேக்கிற கேள்வி எப்பவும் ரெண்டு தான். "என்ன படம்?" ஒண்டு, "ஆற்ற படம்?" மற்றது. ரெண்டாவது தான் அவாவுக்கு முக்கியம். அம்மா வளர்ந்த காலத்தில யாழ்ப்பாணத்தில ராஜா, மனோகரா, வின்சர் எண்டு தியேட்டருகள், அங்க ஓடினது எம்ஜிஆர் படம், சிவாஜி படம், பிறகு ரஜனி படம், கமல் படம். படம் எண்டது நடிகர்மாருக்குச் சொந்தம். எடுத்தவர் ஆர் எண்டு ஆரும் கேட்டதில்லை.

இது எனக்கு விளங்காமல் இருந்த காலத்தில, 2009 மார்கழியில அவதார் வந்தது. நாங்கள் குடும்பமாப் போறம் எண்டு ரிக்கெற் எடுத்தாச்சு. அம்மா லண்டனில இருக்கிற சித்திக்கு போனில சொல்லுறா, "பிள்ளையள் அவதாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகுதுகள்." எனக்கு அதில ஒரு பிழையும் தெரியேல்ல, அவதார் எண்டாலும் அவதாரம் எண்டாலும் ஒரே சொல்லுத் தானே. ஆனா அதுக்கு முதல் வருசம், 2008ல, கமல் பத்து வேசம் போட்ட தசாவதாரம் வந்தது, அம்மா அதை ரெண்டு தரம் தியேட்டரில பாத்தவா. அதின்ர அடுத்த பாகம் தான் இது எண்டு அம்மா முடிவு கட்டியிருக்கிறா.

தியேட்டருக்குள்ள 3டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மா அசையாமல் இருந்து பாக்கிறா. எனக்குச் சரியான சந்தோசம், அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு எண்டு. ஒரு மணித்தியாலம் போன பிறகு என்ர காதுக்க மெல்லமாக் கேட்டா, "இதில எது கமல்?"

நான் கமல் இல்லையம்மா எண்டு சொன்னன். அம்மா நம்பேல்ல. நம்பாததுக்கு அவாவிட்டக் காரணம் இருந்தது: தசாவதாரத்தில கமல் வயசான மனுசியா வாறார், அமெரிக்க சனாதிபதி புஷ்ஷா வாறார், முகத்தில அவ்வளவு மேக்கப், சொல்லித்தந்தாலொழிய ஆளைத் தெரியாது. அப்பிடிப்பட்ட ஆள் நீல நிறத்தில, வாலோட, பத்தடி உயரத்தில வந்தா எப்பிடித் தெரியும்? அதோட நீல நிறம். நீல உடம்பு, வில்லு, அம்பு, பேர் அவதாரம். எங்கட வீட்டுச் சாமி அறையில தொங்குற படங்களைப் பாத்தா ஆருக்கும் அதுதான் தோன்றும். அம்மா அண்டைக்குச் செய்தது பிழையான கணக்கு இல்லை, கையில இருந்த எல்லாத்தையும் கூட்டிப் பாத்துச் சரியாச் செய்த கணக்கு.

பாதியில அம்மா எழும்பிட்டா, இடைவேளை எண்டு நினைச்சு. இங்க இடைவேளை இல்லையெண்டு கையைப் பிடிச்சு இருத்தினன். 162 நிமிசம், மூத்திரத்துக்கும் விடாமல் ஒரு படமோ எண்டு வீடு வந்து சேருமட்டும் அதுதான் கதை. அதில நான் முழுக்க அம்மான்ர பக்கம்.

2014 கடைசியில இன்டர்ஸ்டெல்லர். இந்த முறை அம்மா "ஆற்ற படம்?" எண்டு கேக்க, நான் எடுத்த டைரக்டரின்ர பேரைச் சொல்லி, பெருமையா "நோலன்ர படம்" எண்டன். அம்மா படம் முழுக்க நோலனைத் தேடியிருக்கிறா. வெளிய வந்து காருக்குள்ள ஏறினதும், "நோலன் வயசு போனாலும் நல்லா நடிச்சிருக்கிறார்" எண்டா. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. கேட்டுக் கேட்டுப் போனா, அந்த வயசான விஞ்ஞானி, மைக்கல் கேன் நடிச்ச ஆள், அவரைத்தான் நோலனாக்கி வச்சிருக்கிறா. எல்லாரும் மரியாதையாக் கதைக்கிற பெரிய மனுசன் அவர் தான், அப்ப அவர்தானே படத்துக்குச் சொந்தக்காரன்.

நான் சிரிச்சுக்கொண்டு, சரி அம்மாவுக்கு இந்தப் படம் ஒண்டும் விளங்கியிராது, இதை நான் தான் விளங்கப்படுத்தோணும் எண்டு தொடங்கினன். அந்தத் தண்ணிக் கிரகத்தில ஒரு மணித்தியாலம் நிண்டா பூமியில 7 வருசம் போயிடும், ஏன் எண்டால் ஈர்ப்பு விசை எண்டு. அம்மா என்னை நிப்பாட்டினா. "எனக்கு அது விளங்கினது. உன்ர கொப்பர் மூண்டு மாசத்தில கூப்பிடுறன் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டவர். நான் வந்து இறங்கேக்க அஞ்சு வருசம். அவருக்கு அது மூண்டு மாசம் மாதிரித்தான் போயிருக்கு, ஆளைப் பாக்கத் தெரிஞ்சது. நான் தான் கிழவியாகி வந்தனான்." முன் சீற்றில இருந்த அப்பா ரேடியோவைக் கூட்டி வச்சார்.

அண்டைக்குத்தான் எனக்குப் பொறி தட்டினது. அம்மா படத்தை விளங்கிறதில ஒரு குறையும் இல்லை. பேர், எடுத்தவர், எந்த வருசம், இதெல்லாம் என்ர அடையாளங்கள். அம்மா படத்தை வச்சிருக்கிறது வேற இடத்தில: அதில ஆருக்கு என்ன நடந்தது, அதைத் தான் எங்க இருந்து, ஆரோட பாத்தது. "உன்னை வயித்தில வச்சுக்கொண்டு பாத்த படம்" எண்டால் ஒரு படம். "பெரியம்மா செருப்பைத் துலைச்ச படம்" எண்டால் இன்னொரு படம், இண்டைக்கு வரைக்கும் அதின்ர உண்மையான பேர் வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. நான் என்ர அடையாளத்தைச் சொல்லுறன், அம்மா தன்ர அடையாளத்தில தேடுறா, ரெண்டும் சந்திக்கிற இடத்தில தான் பகிடி.

14 ஏ

இது சின்னன், ஆனா விடேலாது. தம்பிக்கு 13 வயசு, கூட்டாளிப் பொடியளோட ஒரு சண்டைப் படத்துக்குப் போகப் போறான். பேப்பரில பக்கத்தில '14 ஏ' எண்டு போட்டிருக்கு. ஒன்ராறியோவில அப்ப அதுக்கு அர்த்தம், 14 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள் பெரிய ஆள் ஒருத்தரோட தான் வரோணும் எண்டது. அம்மாவுக்குத் தெரிஞ்ச 'ஏ' வேற. இந்தியாவில இருந்து வாற தமிழ்ப் படத்தின்ர முதல் றீலில சென்சார் சேட்டிபிக்கெற் காட்டுவாங்கள், அதில 'யு' எண்டால் எல்லாரும் பாக்கலாம், 'ஏ' எண்டால் வயசுக்கு வந்தாக்களுக்கு மட்டும், ஊரில 'ஏ படம்' எண்டு குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவினம். அம்மா '14 ஏ'யை வாசிச்சது, 14 வயசுப் பிள்ளையளுக்கெண்டே எடுத்த ஏ படம் எண்டு.

அம்மா தம்பியை இருத்தி வச்சுக் கேக்கிறா, இது என்ன மாதிரிப் படம் எண்டு. தம்பி தனக்குத் தெரிஞ்ச உண்மையைச் சொன்னான்: "பயப்பிடாதேங்கோ அம்மா, தனிய விடமாட்டாங்கள். நீங்களும் என்னோட வந்திருந்து பாக்கோணும்."

அம்மா கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருந்த இருப்பு இப்பவும் கண்ணுக்க நிக்குது.

ஜெனரேற்றர் நிண்ட இடம்

இனி வாறதுதான் இந்த ஆய்வை நான் எழுதுறதுக்கே காரணம்.

2014 மாசி 13ல டைரக்டர் பாலு மகேந்திரா காலமானார். இங்க தமிழ் ரேடியோவில அவரைப் பற்றியே போய்க்கொண்டிருந்தது, அவர் மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர் எண்டதால எங்கட ஆக்களுக்கு அது வீட்டுச் செத்தவீடு மாதிரி. அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறா. அவர் எடுத்த மூன்றாம் பிறையைப் பற்றிக் கதை வந்தது. நான் அதைப் பல்கலைக்கழகத்தில படிக்கேக்க தனிய இருந்து பாத்தனான்.

"அந்த முடிவை என்னால தாங்கேலாமப் போச்சு அம்மா."

"ஓம் பிள்ளை. நானும் அண்டைக்கு நல்லா அழுதனான்."

அவ்வளவும் தான். அம்மாவும் நானும் ஒரே படத்துக்கு அழுதிருக்கிறம் எண்டு எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு. பிறகும் ரெண்டு மூண்டு தரம் அந்தப் படத்தைப் பற்றிக் கதைச்சிருக்கிறம், ஒவ்வொரு தரமும் ஒத்துத்தான் கதைச்சம். "சுகம் வந்திட்டுது தானே." "ஓம், சுகம் வந்திட்டுது." "அவனை நினைக்கத்தான்." "ஓம், அவனை நினைக்கத்தான்."

2020 சித்திரை, லொக்டவுன். அப்பா யன்னலுக்குள்ளால வெளிய பாத்தபடி, தம்பி அறைக்குள்ள, அம்மாவுக்கு வேலை நிண்டுபோச்சு, ஆரும் ஆரோடயும் முகம் குடுத்துக் கதைக்கிறேல்ல. ஒரு பின்னேரம் அம்மா சொன்னா, "எல்லாரும் உப்பிடி மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு இருக்கேலாது. சந்தோசமா ஒரு படம் பாப்பம். மூன்றாம் பிறை போடு."

நான் திரும்பக் கேட்டன். மூன்றாம் பிறை தானோ? ஓம், கமலும் ஸ்ரீதேவியும், சந்தோசமா முடியுற படம்.

படத்தைப் பாக்காத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்லுறன், இது இல்லாமல் மிச்சம் விளங்காது. கார் விபத்தில தலையில அடிபட்டு, எல்லாம் மறந்து சின்னப்பிள்ளை மாதிரி ஆகிப்போன பெட்டை ஒண்டை, கமல், பள்ளிக்கூட வாத்தியார், ஊட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் வச்சுப் பாக்கிறார். பிறகு ஒரு வைத்தியரிட்டக் கொண்டுபோய் விடுறார். சுகம் வருது. சுகம் வந்த உடன அவளுக்குப் பழசு எல்லாம் ஞாபகம் வருது, இவர் இருந்த காலம் மட்டும் அழிஞ்சு போகுது. தாய் தேப்பன் வந்து கூட்டிக்கொண்டு போகினம். இவர் விழுந்தடிச்சு ஸ்டேசனுக்கு ஓடி, மழைக்க, அவளுக்குச் செய்து காட்டின குரங்கு விளையாட்டெல்லாம் திரும்பச் செய்து காட்டுறார், அவள் ஆரோ பிச்சைக்காரன் எண்டு நினைக்கிறாள். ரெயின் போயிடுது. 1982ல வந்த படம், கமலுக்குத் தேசிய விருது வாங்கிக் குடுத்தது.

நான் ஒண்டும் சொல்லாமல் போட்டன். அம்மா முழுக்க வசனம் சொல்லிக்கொண்டு பாக்கிறா, அடுத்து என்ன வரும் எண்டு தம்பிக்குச் சொல்லிக்கொண்டு. வைத்தியர் வீட்டில கொண்டுபோய் விடுற இடம் வந்தது. அதோட அம்மா வாயை மூடிட்டா. பிறகு வந்தது ஒண்டுக்கும் முன்கூட்டி ஒரு சொல்லும் சொல்லேல்ல. ஸ்டேசன் காட்சி முடிஞ்சு எழுத்து ஓடத் தொடங்கினதுக்குப் பிறகு என்னைப் பாத்துக் கேட்டா:

"இது பிறகு சேர்த்ததோ?"

நான் இல்லை எண்டன். வந்த நாளில இருந்து முடிவு இதுதான்.

"அப்ப நான் பாத்தது?"

அம்மா பாத்தது 1992ல. 1990ல சண்டை திரும்பத் தொடங்கினதோட யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் தங்கம் விலை, இரவில ஜாம் போத்தலுக்க பஞ்சுத் திரி வச்ச விளக்கு, பாட்டுக் கேக்கிறதெண்டா சைக்கிளைக் கவிட்டுப் போட்டு டைனமோவைச் சுத்திக் கேக்கோணும். அந்த நேரம் ஒழுங்கையில இருக்கிற சனம் ஆளுக்கு இவ்வளவு எண்டு காசு சேர்த்து, ரீவி, டெக், ஜெனரேற்றர் மூண்டையும் வாடைக்கு எடுத்து ஒரே இரவில மூண்டு படம் போட்டுப் பாப்பினம். பெற்றோல் ஒரு சொட்டு விட்டு இழுத்து ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓட விடுறது. புகை எண்டால் புகை. அண்டைக்கு ஒரு அக்கா வீட்டு முத்தத்தில பாய் விரிச்சு எல்லாரும் இருந்தவை, எனக்கு ஒரு வயசு, அம்மான்ர மடியில நித்திரை. மூன்றாம் பிறை ரெண்டாவது படம். கமல் அவளை வைத்தியரிட்ட விட்டிட்டுத் திரும்புறார், ஜெனரேற்றர் ரெண்டு தரம் இருமிச்சுது, நிண்டுபோச்சு. மண்ணெண்ணெய் முடிஞ்சுது.

இருட்டுக்குள்ள சனம் இருக்குது. அப்ப அந்த அக்கா சொன்னாவாம், "பிரச்சினை இல்லை, நான் முந்தித் தியேட்டரில பாத்தனான், இனி ஒண்டும் பெரிசா இல்லை. பெட்டைக்குச் சுகம் வந்திடும். பிறகு கலியாணம் கட்டிச் சந்தோசமா இருப்பினம்." அம்மா அதைக் கேட்டு அழுதிருக்கிறா. என்னைத் தூக்கித் தோளில போட்டுக்கொண்டு, நிலவு வெளிச்சத்தில, சந்தோசத்தில அழுதுகொண்டு வீட்டை வந்திருக்கிறா.

2014ல இருந்து 2020 வரைக்கும், 6 வருசம், நாங்கள் ரெண்டு பேரும் ரெண்டு வேற முடிவைப் பற்றி ஒரு சொல்லுக்கும் முரண்படாமல் ஒத்துக்கொண்டு கதைச்சிருக்கிறம். சண்டை வந்த கெட் அவுட் மூண்டு நாளில வெளிச்சது. ஒத்துப்போனது 6 வருசமா வெளிக்கேல்ல. அதால இப்ப நான் அம்மாவோட எந்தப் படத்தைப் பற்றிக் கதைச்சாலும், முதல்ல எங்க இருந்து பாத்தனீங்கள், ஆரோட பாத்தனீங்கள் எண்டு தான் கேக்கிறன். புதுப் படம் எண்டால் பேரைக் கடைசியாச் சொல்லுறன், "ஒரு தேப்பன், ரெண்டு பிள்ளையள், வீட்டை விக்க வேண்டி வருது" எண்டு தொடங்கிறன். இப்பிடிச் செய்யத் தொடங்கின பிறகு போனில குறிப்பு எழுதுறது நல்லாக் குறைஞ்சுபோச்சு. அதில எனக்குக் கொஞ்சம் கவலையும் தான்.

படம் பாத்த அண்டு அம்மா இரவு நித்திரை கொள்ளேல்ல. அடுத்த நாள் காலமை அந்த அக்காவுக்கு போன் எடுத்தா, அவா இப்ப பாரிசில. ஸ்பீக்கரில போட்டு, நானும் பக்கத்தில இருந்தன்.

"அக்கா, நீங்கள் எனக்கு மூன்றாம் பிறையின்ர முடிவைப் பிழையாச் சொல்லிப்போட்டியள்."

"எந்தப் பிறை?"

அம்மா முத்தம், பாய், ஜெனரேற்றர் எல்லாம் சொன்ன பிறகு அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தில ஒரே சிரிப்பு.

"நான் எங்கையடி அதைத் தியேட்டரில பாத்தன்? காசு சேர்த்தது நான். படம் முடியேல்ல, காசைத் திருப்பித் தா எண்டு பின்னால சண்டை தொடங்கிட்டாங்கள். என்னட்டக் காசு எங்க இருக்கு, எல்லாம் மண்ணெண்ணெய்க்குப் போச்சு. அதான் நானே படத்தை முடிச்சு விட்டன்."

அம்மாவுக்கும் சிரிப்பு வந்திட்டுது, கண்ணைத் துடைச்சுக்கொண்டு சிரிக்கிறா. சிரிப்பு அடங்கின பிறகு அக்கா கேட்டா, "அப்ப உண்மையா எப்பிடியடி முடியுது?"

அம்மா ஸ்பீக்கரை நிப்பாட்டி போனைக் காதில வச்சுக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தா. கேத்திலுக்கு தண்ணி பிடிக்கிற சத்தம் கேட்டது. அதுக்கு மேலால அம்மான்ர குரல்.

"அதை ஏன் கேக்கிறியள் அக்கா. பெட்டைக்குச் சுகம் வந்திட்டுது. வடிவாச் சுகம் வந்திட்டுது."